வாக்கியங்களுக்கான இருக்கை ஒதுக்கீடு

எங்கள் அலுவலகத்தில் பேசப்படும் வாக்கியங்களுக்கு இருக்கை ஒதுக்கித் தருவது என் வேலை. எல்லா வாக்கியங்களுக்கும் அல்ல. 'டீ சாப்பிடப் போலாமா', 'சர்வர் படுத்துடுச்சு' போன்றவை சொன்ன இடத்திலேயே கரைந்துவிடும். ஒருவர் தன் கருத்து என்று சொல்லும் வாக்கியம் மட்டும் அப்படியே நிற்கும். நிற்பதை நாள் முழுக்க நிற்க வைப்பது மரியாதையில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்தபோதுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

அப்போது நான் பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். அங்கே வாக்கியங்களைக் கார் நிறுத்துமிடத்தில் நிற்க விடுவார்கள். குளிர்காலத்தில் பார்க்கப் பாவமாக இருக்கும். இங்கே, பழைய மகாபலிபுரம் சாலையில், ஆறு மாடிக் கட்டடத்தில் அவை ஏசியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், திரும்பி வந்தது சரிதான் என்று தோன்றியது. வாக்கியம் பார்க்க எப்படி இருக்கும் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வாக்கியம் மாதிரிதான் இருக்கும்.

விதிகள் குறைவு. சொல்லப்பட்ட வாக்கியத்தை யாரும் வெளியேற்றக் கூடாது, அது கருத்துச் சுதந்திரம். ஒரே மாதிரி வாக்கியங்கள் எல்லாவற்றையும் ஒரே மாடியில் குவிக்கக் கூடாது, அது பன்முகத்தன்மை. காலியாக இருக்கும் நாற்காலியை மட்டுமே வாக்கியத்துக்குத் தரலாம். ஒரே நாற்காலிக்கு இரண்டு வாக்கியங்கள் வந்தால் தேதியில் மூத்ததற்கு முன்னுரிமை. ஒரு வாக்கியம் அலுவலகத்தை விட்டு ஒரேயடியாகப் போவதென்றால், சொன்னவரே வந்து அதைத் திரும்ப அழைத்துக்கொண்டு போக வேண்டும். விண்ணப்பப் படிவத்தை நான்தான் வடிவமைத்தேன். யாருடையது, எந்தத் தேதி, எந்தக் கூட்டம், சைவமா அசைவமா என்று நான்கே கட்டங்கள்.

இந்த வருடம் மகளிர் தினத்துக்கு நான்காம் மாடியில் கேக் வெட்டினார்கள். மென்பொருள் வடிவமைப்பாளர் ஞானசேகர் கையில் கேக்குடன், "ஆள் எடுக்கும்போது திறமையை மட்டும்தான் பாக்கணும், மத்ததெல்லாம் பாத்தா ப்ராடக்ட் கெட்டுப்போயிடும்" என்றார். நான்கு பேர் கைதட்டினார்கள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்தார்கள். வாக்கியம் கேக் மேசைக்குப் பக்கத்தில் சாயங்காலம் வரை நின்றது.

மனிதவளத் துறையின் மெர்லின் என்னை அழைத்தார். "பரிதி சார், இது பாவம் காலைலேர்ந்து நிக்குது. ஏதாவது பண்ணுங்க."

ஜன்னலோரம் நூற்றுப்பதினேழாம் இருக்கை காலியாக இருந்தது. அங்கே உட்காரும் பொற்கொடி பிரசவ விடுப்பில் போயிருந்தார். அதைக் கொடுத்தேன்.

வாக்கியம் நன்றாகவே வேலை செய்தது. ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடும். விடுப்பு எடுக்காது. தினமும் காலைக் கூட்டத்தில் அதன் முறை வரும்போது தன்னைத்தானே ஒருமுறை சொல்லும். என்ன கேட்டாலும் அதையேதான் சொல்லும். பேச்சு மாறாத ஊழியர் என்று மேலாளர் அதன் மதிப்பீட்டில் எழுதினார். ஜூலையில் அதன் கீழே மூன்று பேரைப் போட்டார்கள்.

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை பொற்கொடி வேலைக்குத் திரும்பினார். ஒன்பது வருடமாக எங்களிடம் மென்பொருள் சோதனை செய்கிறவர். நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், என் சேர்ல ஒரு வாக்கியம் உக்காந்திருக்கு."

"ஆமாம். மார்ச்சிலிருந்து."

"அதுக்கு முதுகுக்குக் குஷன் குடுத்திருக்கீங்க. நான் கேட்டப்ப டாக்டர் லெட்டர் வேணும்னீங்க."

"அதற்கு டாக்டர் கிடையாது" என்றேன்.

"சரி, நான் எங்க உக்காரட்டும்?"

காலி இருக்கைகளைத் தேடினேன். நான்காம் மாடியில் ஒன்றும் இல்லை. மற்ற மாடிகளில் இருந்தவை வேறு பிரிவுகளுக்கானவை. மனிதர்களைப் பிரிவு மாற்றி உட்கார வைக்க முடியாது. வாக்கியங்களை வைக்கலாம், அவற்றுக்குப் பிரிவு கிடையாது. இருக்கை எண் இல்லாத ஊழியரின் பெயரை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கணினி தானாகவே நீக்கிவிடும் என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன்.

"நீக்கிட்டா?"

"அப்புறம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நேர்முகத் தேர்வு உண்டு."

"அந்த இன்டர்வியூவ யாரு எடுப்பாங்க?"

பட்டியலைப் பார்த்தேன். நான்காம் மாடிக்கு ஆளெடுக்கும் பொறுப்பு நூற்றுப்பதினேழாம் இருக்கைக்குப் போயிருந்தது. சொன்னேன்.

"வீட்ல ஆறு மாசக் குழந்தை, லோன்ல வாங்கின வீடு, திங்கக்கெழமை ஒரு வாக்கியத்துக்கு முன்னாடி போய் நான் ரெஸ்யூமே நீட்டணும். அப்படித்தானே சார்?"

"அச்செடுத்து இரண்டு பிரதி கொண்டுவர வேண்டும்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஞானசேகரிடம் பேசினேன். அவர் மோசமானவர் இல்லை. "அட, நான் பொதுவா சொன்னேங்க. பொற்கொடிய வெச்சுச் சொல்லவே இல்ல. வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். மதியம் ஒரு பையோடு வந்து வாக்கியத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"வா, போலாம்."

வாக்கியம் தன்னைச் சொன்னது.

"தெரியுது. நான்தானே சொன்னேன். கெளம்பு."

வாக்கியம் இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, தன்னைச் சொன்னது. பிறகு எழுந்து மனிதவளத் துறைக்குப் போனது. தன்னை ஒருவர் வாயடைக்கப் பார்ப்பதாகப் புகார் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது. மெர்லின் இரண்டு தரப்பையும் கேட்டார். ஞானசேகர் பிறர் கருத்தை மதிப்பது குறித்த மூன்று மணிநேரப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று உத்தரவானது. பயிற்சியை நடத்தியது அந்த வாக்கியம். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

புதன்கிழமை பொற்கொடி மறுபடி வந்தார். "சார், வாக்கியத்துக்கு உள்ள ஃபார்ம் குடுங்க."

"எத்தனை?"

"எத்தனை இருக்கு?"

இரண்டாயிரம் இருந்தது. கட்டோடு வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மாலை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் என் மேசைக்கு வந்தன. யாருடையது என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் பொற்கொடி. தேதிகள் ஒன்பது வருடத்துக்குப் பரவியிருந்தன. எந்தக் கூட்டம் என்பதும் சரியாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கூட்டங்கள் சிலவற்றில் நானும் இருந்திருக்கிறேன். பொற்கொடி வாய் திறந்ததாக நினைவில்லை.

"இவற்றையெல்லாம் நீங்கள் சொன்னீர்களா?"

"இல்ல சார். அப்ப மனசுல வந்துச்சு. முழுங்கிட்டேன்."

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னதா என்று கேட்கும் கட்டம் எங்கேயும் இல்லை. மெர்லினை அழைத்துக் காட்டினேன். அவரும் தேடினார்.

"ஆயிரத்து நானூறா? ஒரே ஆளா?" என்றார்.

"வருஷத்துக்கு நூத்தம்பதுதான் மேடம் வருது. நான் கொஞ்சமா முழுங்குன ஆளு. பேமென்ட் டீம் சரண்யா ஃபார்ம் கேட்டிருக்கா. அவளுக்கு லாரிதான் வெக்கணும்."

மெர்லின் சிரிக்கவில்லை. தனக்கும் பத்துப் படிவம் வேண்டும் என்று மெதுவாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பேருந்துகள் பாரத்தில் வழக்கத்தைவிடத் தாழ்ந்து வந்தன. தாம்பரத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வந்தவற்றில் சொல்லாத வாக்கியங்கள் படிக்கட்டு வரை நின்றுகொண்டு வந்தன. இறங்கி வரிசையில் நின்றன. சத்தமே இல்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும்போது மட்டும் ஒவ்வொன்றும் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது.

எட்டரை மணிக்கு ஒதுக்கீட்டைத் தொடங்கினேன். 'சிரிக்கிற மாதிரி இதுல ஒண்ணும் இல்லீங்க' என்பதை இரண்டாம் மாடியில் வைத்தேன். 'எல்லாருக்கும் காபி வாங்கிட்டு வர நான் ஆள் இல்ல' என்பதை காபி இயந்திரத்துக்கு எதிரே. 'அது நான் சொன்ன ஐடியா' என்பது மட்டும் முந்நூற்று ஐந்து இருந்தன. எல்லாம் ஒன்றுதானே, ஒரே நாற்காலி போதாதா என்று மெர்லின் கேட்டார். தேதி வேறு வேறு என்று காட்டினேன். இடமில்லாத நான்காம் மாடியை விட்டுவிட்டு, மற்ற ஐந்திலும் மாடிக்கு அறுபத்தொன்றாகப் பிரித்து உட்கார வைத்தோம்.

வரிசையில் மிக மூத்தது ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதத்தது. பொற்கொடி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு நாற்காலி இல்லாமல் நின்றபோது விழுங்கிய வாக்கியம். 'நானும் உக்காந்துக்கறேன்.' எந்த இடம் வேண்டும் என்று கேட்டேன். நான்காம் மாடி, ஜன்னலோரம், நூற்றுப்பதினேழு என்றது.

தேதியில் அது மூத்தது. ஞானசேகரின் வாக்கியம் விதியைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்தது. ஆறாம் மாடியில் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருந்தது. மடிக்கணினியையும் குஷனையும் எடுத்துக்கொண்டது. குஷன் இருக்கையோடு சேர்ந்தது என்றேன். வைத்துவிட்டுப் போனது.

மூத்த வாக்கியம் உட்காரவில்லை. தன் சொந்தக்காரருக்கு இடத்தை விட்டுத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டது. பொற்கொடி போய் உட்கார்ந்து, குஷனைச் சரிசெய்து, கணினியைத் திறந்தார். ஆறு மாதத்து மின்னஞ்சல் இருந்தது. மூத்த வாக்கியம் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும், கரைந்துவிட்டது.

மாலை ஐந்தரைக்கு ஒரே ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. படிவத்தை எடுத்தேன். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. கூட்டம் என்ற கட்டத்தில் கேன்டீன் என்றிருந்தது. நான் வேலையில் சேர்ந்த வாரம் அது. எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பொற்கொடியிடம் எந்த ஊர் என்று கேட்டேன். சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம் என்றார். ஊருக்குள்ளேயா, இல்லை கொஞ்சம் தள்ளியா என்று கேட்டேன். இன்றைக்கு சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார்.

வாக்கியத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

'அது உங்களுக்கு எதுக்கு சார்?' என்றது அது, மரியாதையாகவே.

கட்டடத்தில் காலி இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். காலையிலிருந்து நான் நின்றபடியே வேலை செய்துகொண்டிருந்ததால் என் நாற்காலி காலியாக இருந்தது. எண்ணை எழுதிக் கொடுத்தேன். உட்கார்ந்தது. உயரம் கொஞ்சம் அதிகமாக இருந்ததால் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று குனிந்து காட்டினேன். நான்காம் மாடியிலிருந்து இறங்கி வந்த பொற்கொடி, பையைத் தோளில் மாட்டியபடி, "வரேன் சார், திங்கக்கெழமை பாக்கலாம்" என்றார். மணி ஆறு அடித்தது.

வாசலில் என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. காவலர் தங்கப்பாண்டி கணினியில் பார்த்தார். "சார், உங்க பேரே வரலியே."

"வராது. எனக்கு இப்போது இருக்கை எண் இல்லை" என்றேன்.

வருகைப் பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "மேல இப்ப உக்காந்த பதிலோட கேள்வி நீங்கதானே?"

"ஆமாம்."

பெயர் என்ற இடத்தில் கேள்வி என்று எழுதினார். யாரைப் பார்க்க என்ற இடத்தை விட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டேன். வரவேற்பறை சோபாவில் காத்திருக்கச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் கேள்விகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று காலை மடக்கிக்கொண்டது. மற்றவை நகர்ந்து இடம் விட்டன.