சாவியைத் திருப்பும் முன்

பெட்ரோல் பங்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண், எங்கள் பிக்கப்பின் டேங்கில் பெட்ரோல் குழாயைச் செருகியபோது நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது டீசல் வண்டி.

மற்ற நாட்களில் அண்ணன் இறங்கிவிடுவான். இன்ஜினை அணைத்து, போனை டாஷ்போர்டில் போட்டுவிட்டு வந்து, டேங்க் மூடியில் கைவைத்து "டீசல்மா, டீசல்" என்று இரண்டு தடவை சொல்வான். எந்தக் குழாயை எடுக்கிறார்கள் என்று பார்ப்பான். "பச்சப்புள்ளைக்கு ஊசி போடுறப்ப நிக்கிற மாதிரி நிக்கிறாரு பாரு" என்று பங்க்காரர்கள் சிரிப்பார்கள். இன்று முழங்கால் வீங்கியிருந்ததால் ஸ்டியரிங் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். நான்தான் இந்தப் பக்கம் நிற்கிறேனே, பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பான். சொல்லவில்லை. நாங்கள் பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. வீட்டில் அண்ணி வழியாகப் பேச்சு, வண்டியில் ஹாரன். ஒரு தடவை அடித்தால் இறங்கு, இரண்டு தடவை என்றால் ஏறு.

பேச்சு நின்ற அன்று ஒரு வீட்டு வாசல் கேட்டில் வண்டியை உரசிவிட்டேன், அவ்வளவுதான். சுமை இறக்குகிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சாவியைப் பிடுங்கி, "இவன நம்பி கழுதையக்கூட விட முடியாது" என்றான். இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டி. இரண்டு வீட்டு அடுப்பும் எரிவது இதனால்தான். அன்றிலிருந்து நான் அதில் மூட்டை தூக்குகிறவன்.

மீட்டர் ஓடியது. சொல்ல வேண்டியது ஒரே சொல். நாக்கு நுனிவரை வந்ததை, அவன் வண்டி, அவனே பார்க்கட்டும் என்று ஏதோ ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தப் பெண் குழாயை எடுத்துவிட்டு மூடியைத் திருகினாள். அப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. சாவியைத் திருப்பாதவரை டேங்கைக் காலி செய்தால் போதும். திருப்பிவிட்டால் இன்ஜின் போய்விடும். இது எங்கள் இருவருக்குமே தெரியும். ஹாரன் இரண்டு தடவை அடித்தது. ஏறினேன். அவன் கை சாவிக்குப் போனது. எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்த கை.

இன்ஜின் குழாய்களில் மிச்சமிருந்த டீசலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு தடதடவென்று இடித்து, இருமி, சாலை நடுவில் நின்றது. அண்ணன் நொண்டிக்கொண்டே போய் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தான். என் ஜன்னலுக்கு வந்தான்.

"நீ பாத்துட்டுதானே நின்ன?"

"நீ கேக்கலியே."

கத்துவான் என்று காத்திருந்தேன். தவறான விலாசத்துக்கு வந்துவிட்டவன் கதவைப் பார்ப்பதுபோல அவன் என்னைப் பார்த்தான். பிறகு தன் பக்கம் போய், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, கதவு விளிம்பில் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தான். வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. மறுபடி தள்ளினான். வீங்கிய காலைத் தரையில் ஊன்றும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்தான். நான் இறங்கவில்லை. மடியில் கைகளை வைத்து நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கனத்தையும் சேர்த்துத்தான் அவன் தள்ளிக்கொண்டிருந்தான்.