பதினான்கு வாசல்களும் அண்ணியின் கார்டும்

அண்ணி காலணியைக் கழற்றும்வரைகூடச் சுண்டெலியால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, உங்க கார்டுல ஒரு தப்பு பண்ணிட்டேன்."

மணி பதினொன்றரை. மருத்துவமனையில் நர்ஸ் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள் அண்ணி. அடுத்த அறையில் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பதினாறு வயது நாத்தனாருக்குச் சுண்டெலி என்று பட்டம் சூட்டியதும் அண்ணிதான், பள்ளிச் செலவுக்கென்று நம்பித் தன் வங்கி கார்டைக் கொடுத்ததும் அவள்தான். அதில் இருந்ததோ அண்ணியுடைய மேல்படிப்புத் தேர்வுக்குக் கட்டவேண்டிய பணம்.

"என்னடி வாங்கித் தொலைச்ச?"

"வாங்கல. வாடகைக்கு எடுத்தேன்."

பள்ளிக் கண்காட்சிக்காக வகுப்பில் பதின்மூன்று பேர் ஆளுக்கொரு இணையதளம் செய்திருந்தார்கள். இன்னொருத்தி மட்டும் விளையாட்டு. அத்தனையையும் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு, வாடகைக்குக் கிடைக்கும் கணினிக் கூட்டமான கிளஸ்டர் ஒன்றில் ஓடவிடுவதாக மார்தட்டிக்கொண்டவள் சுண்டெலி. முதல் தளத்தை வெளியிலிருந்து பார்க்க வாசல்போல ஒரு லோட் பேலன்சர் போட்டாள். திறந்தது. அந்தக் குஷியில் அதை அமைத்த கோப்பைப் பதின்மூன்று தடவை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினாள். பதினான்கு வாசல், ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் தனித்தனி வாடகை. இன்று மாலை பில் பக்கத்தைப் பார்த்தபோதுதான் அத்தனையும் சேர்ந்த தொகை தெரிந்தது.

அண்ணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இது ஆன செலவா, ஆகப்போற செலவா?"

"அ... மாசக் கடைசிக்கு ஆகுமாம்."

"எத்தனை நாளாச்சு?"

"நாலு."

அண்ணியின் விரல் கீழே இறங்கி, பொடி எழுத்தில் இருந்த இன்னொரு தொகையில் நின்றது. "இதுவரைக்கும் ஆனது ஒரு ஜோடி செருப்பு விலை. இதுக்கா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? எல்லாத்தையும் மூடு."

"மூடினா நாளைக்குக் கண்காட்சியில ஒண்ணும் திறக்காது. உயிரோட விடமாட்டாளுங்க. ஒரே வாசல் வச்சு, யாரைத் தேடி வந்தாங்கன்னு பேரைப் பாத்து உள்ள அனுப்பலாம், இன்கிரஸ்னு பேரு. ஆனா மாத்தும்போது தப்பாயிட்டா, அண்ணி? எல்லாம் ஒண்ணா படுத்துட்டா?"

"ஏன் ஒண்ணா மாத்தணும்? ஒவ்வொண்ணா மாத்து. புதுசு திறக்குதான்னு நான் போன்ல பாத்துச் சொல்றேன். அப்புறம்தான் பழசை மூடணும்."

முதல் தளத்தின் பெயரைப் புது வாசலுக்குத் திருப்பினாள் சுண்டெலி. இருவரும் போனையே பார்த்தார்கள்.

"இன்னும் வரல." சிறிது நேரம் கழித்து, "ம்... வந்துடுச்சு. ஏதோ பூனை மாதிரி இருக்கு."

"அது புலி."

"அதுகிட்ட சொல்லு."

சுண்டெலிக்குச் சிரிப்பு வந்தது. அதன்பின் மளமளவென்று பன்னிரண்டு தளங்கள். விளையாட்டுதான் முரண்டு பிடித்தது. அதைத் தேடி வரும் இணைப்பு, தளங்களைப் போலப் பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதே வாசலில் அதற்கென்று தனி ஜன்னல்போல ஒரு போர்ட் எண்ணைத் திறந்துவிட்டாள். அண்ணியின் போனில் விளையாட்டு ஓடியது. கடைசிப் பழைய வாசலையும் மூடிவிட்டுப் பில் பக்கத்தைப் புதுப்பித்தாள். வாடகை வரிசையில் ஒரே ஒரு லோட் பேலன்சர்.

"பரீட்சைப் பணம் தப்பிச்சுதா?" என்றாள் அண்ணி.

"தப்பிச்சுது. செருப்பு விலையை மட்டும் எப்படியாவது கொடுத்துடறேன்."

"அதே வாசல்ல இன்னொண்ணு சேத்தா வாசல் வாடகை ஏறுமா?"

"ஏறாது. ஏன்?"

"எங்க வார்டுல யாருக்கு எப்ப டியூட்டின்னு தெரியாம தினம் அடிச்சுக்கறோம். அதுக்கு ஒண்ணு போட்டுக் குடு. செருப்பு கணக்கு தீர்ந்துடும்." எழுந்து விளக்கை அணைத்தாள். "நாளைக்கு. இப்பப் போய்ப் படு."