சாஹுல் ஹமீட் தம்பதிக்கு ஒரு கட்டில்

1.

இந்தக் கதை எனக்கு மறிச்சுக்கட்டிக்குப் போகும் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பர்ஸானா, மன்னார்த் தொழிற்பயிற்சி நிலையத்தைத் தாண்டும்போது தனக்குள் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். வழி நெடுகச் சொன்னாள். முடிவை மட்டும் சொல்லாமல் இறங்கிவிட்டாள். அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வாக்கியம் இப்படி வந்தது: "உப்புக்காற்று வீசும் தீவில், கழுதைகள் உலாவும் தெருவோரம், ஒரு..."

போதும். மன்னாரென்றால் எல்லோரும் கழுதையில்தான் தொடங்குகிறார்கள். நான் கட்டிலில் தொடங்குகிறேன்.

2.

பர்ஸானா அங்கே படித்த ஆண்டு அரசாங்கம் தொழிற்கல்விக்குக் காசு ஒதுக்கியது. உல்லாசப் பயணிகள் குவியப்போகிறார்கள் என்று கொழும்பில் யாரோ கனவு கண்டிருக்கவேண்டும். நிலையத்தின் பின்பக்கத்தில் ஒரு ஹோட்டல் அறை எழும்பியது. பளிங்குத் தரை, ஏசி, தேக்கில் இரட்டைக் கட்டில். ஹோட்டல்தான் இல்லை. எவரும் படுக்காத அந்தக் கட்டிலை, ஹோட்டல் வேலை பழகும் பிள்ளைகள் சோடி சோடியாக விரித்தார்கள், கலைத்தார்கள், மறுபடி விரித்தார்கள்.

(இந்த இடத்தில் வீண்செலவு என்று ஒரு கட்டுரை எழுதலாமென்று தோன்றியது. பஸ்ஸில் பார்த்த பர்ஸானாவின் முகத்தை நினைத்ததும் கை வரவில்லை.)

பர்ஸானாவின் சோடி சுவேதினி, பேசாலைக் கடற்றொழிலாளி ஒருவரின் மகள், வாய்க்காரி. ஒரு மழை நாளில் ஆசிரியர் வரவில்லை. இருவரும் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்கள்.

"ரூம் சேர்விஸ், ரெண்டு தேத்தண்ணி கொண்டுவாங்கோ," என்றாள் சுவேதினி கூரையைப் பார்த்து.

"எனக்குச் சீனி கூட," என்றாள் பர்ஸானா.

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. பிறகு பயந்தடித்து எழும்பி, ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து வைத்தார்கள். அந்த மழையை நினைத்தால் பர்ஸானாவுக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அப்படியொரு காலம் அவளுக்குப் பிறகு வாய்க்கவில்லை. அந்த அறை இப்போது கணினிக்கூடமாம். புதிய நிதி வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனாலும் அவளுக்குக் கவலை.

3.

யாழ்ப்பாணத்தில் டிப்ளோமா படிக்க வேண்டுமென்றால் இறுதிச் செய்முறைப் பரீட்சையில் தேற வேண்டும். "சுவேதினி வந்தா மட்டும்தான் நீயும் போகலாம்," என்று வாப்பா சொல்லியிருந்தார். சோடிக்கு ஒரே புள்ளி. ஒருத்தி விழுந்தால் மற்றவளும் விழுந்தாள்.

மதிப்பீட்டாளர் கனகரத்தினம் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். "விருந்தினர்: சாஹுல் ஹமீட் தம்பதி. முதியவர்கள். அறையைத் தயார் செய்க." சுவரில் அறையின் வரைபடம். தலைமாடு கிழக்கே, கால்மாடு மேற்கே.

அத்தனை மாதமும் அந்தக் கட்டில் அப்படித்தான் கிடந்தது. அதுவரை அதற்கு ஆள் இல்லை. இப்போது பெயரோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"மேற்கில கிப்லா," என்றாள் பர்ஸானா, தொழும் திசையைக் கையால் காட்டி. "வயசான மனிசர் கிப்லாப் பக்கம் கால நீட்டிப் படுக்க, நான் விரிச்சுக் குடுக்கிறதா?"

"அடியே, அது சும்மா பேர். அப்பிடி ஒரு ஆளே இல்ல."

"இருந்தா?"

சுவேதினி நெற்றியைத் தேய்த்தாள். பிறகு மறுமுனையைப் பிடித்தாள். "சரி, தூக்கு."

(இல்லாத மனிதருக்காக வியர்க்க வியர்க்கக் கட்டில் திருப்புவது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள், நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றும் யோசிக்கவும்.)

4.

கனகரத்தினம் வந்தார். கட்டிலைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். காரணத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது பிள்ளை. ஆனா படத்தில உள்ளபடி இருந்தாத்தான் நான் புள்ளி போடலாம். தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். கட்டில் பழைய மாதிரி இருந்தா ரெண்டு பேரும் பாஸ்."

இந்த இடத்தில் இப்படி எழுதினேன்: "அவர் கண்கள் கலங்கின. இறந்துபோன தன்..."

அடித்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதரை அழவைத்துக் கதையை முடிப்பது என் சோம்பல்.

"திருப்புவம்," என்றாள் பர்ஸானா. "என்னால உன்ர படிப்புப் போகக் கூடாது."

"என்னால நீ திருப்பினனீ எண்டும் இருக்கக் கூடாது. பிறகு என்னைப் பார்க்கேக்கயெல்லாம் உனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

"அப்ப என்ன செய்யிற?"

"முதல்ல தூக்கு. தூக்கிப்போட்டு யோசிப்பம்."

தூக்கினார்கள்.

5.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) திருப்பி வைத்தார்கள். யாழ்ப்பாணம் போனார்கள். எந்த ஹோட்டலில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் பர்ஸானா முதலில் மேற்கைத்தான் தேடினாள்.

ஆ) திருப்பவில்லை. சுவேதினி நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போனாள். பர்ஸானாவுக்கு வாப்பா மாப்பிள்ளை பார்த்தார். பெருநாளுக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் மட்டும் தொலைபேசியில்...

இ) சாஹுல் ஹமீட் தம்பதி நிஜமாகவே வந்து கதவைத் தட்டி...

மூன்றும் பொய். எனக்குக் கிடைத்தது பர்ஸானா இறங்கும்போது சொன்னது மட்டும்தான்.

"தூக்கினதும் ரெண்டு பேருக்கும் ஒண்டு விளங்கிச்சு அக்கா. எந்தப் பக்கம் வச்சாலும், இந்த அறையில இனி நாங்கள் சேர்ந்து கட்டில் விரிக்கமாட்டம். அதால இறக்க மனம் வரேல்ல. பிடிச்சுக்கொண்டே நிண்டம்."

பஸ் புறப்பட்டுவிட்டது.

ஆகவே, வாசிப்பவரே, ஒரு முனையில் பர்ஸானா, மறுமுனையில் சுவேதினி, விறாந்தையில் கனகரத்தினத்தின் சப்பாத்துச் சத்தம். தேக்குக் கட்டில், நல்ல பாரம். எந்தப் பக்கம் இறக்குவதென்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் உடனே சொல்லவேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.