கொடியில் பத்துப் பேர்

எங்கள் சலவைக் கடையில் முன்மேசைக்குப் பின்னால் ஒரு கொடி கட்டியிருக்கும். அதில் துணி காயாது. பத்துக் குத்துச்சண்டை வீரர்கள் காய்வார்கள். செய்தித்தாளிலும் பழைய பத்திரிகைகளிலும் வெட்டியெடுத்த படங்கள், ஆளுக்கொரு துணிக் கவ்வி. இடது ஓரத்தில் தொங்குபவர் உலகம் கண்டதிலேயே பெரியவர். வலது ஓரத்தில் ஜன்னல் வெயில் பட்டு வெளுத்துக்கொண்டிருப்பவர் பத்தாமவர். யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், இரும்பன், வாயாடி என்று பட்டப்பெயர்தான்.

இந்த வரிசை ஒருநாளும் நிலையாக இருந்ததில்லை. காலையில் கடையைத் திறப்பவர் அப்பா. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்கு முன்னாலேயே இரும்பனை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். இருபது வயதில் பட்டம் வாங்கியவன், அவன் குத்தை வாங்கினால் எழுந்து வீட்டுக்குப் போக வழி கேட்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. கொஞ்சம் கழித்து மாமா வருவார். இடுப்பில் ரப்பர் விரிப்பைக் கட்டிக்கொண்டே கொடியைப் பார்ப்பார். இரும்பனைக் கழற்றி நான்காவது கவ்விக்குத் தள்ளிவிட்டு வாயாடியை முதலில் மாட்டுவார். பட்டத்தை மூன்று முறை வாங்கியவன், எதிராளி குத்த நினைக்கும்போது வேறு ஊரில் நிற்பவன் என்பது மாமாவின் கட்சி. சர்க்கரை என்று ஒருவர் இருந்தார். எடைக்கு எடை பார்த்தால் அவர்தான் முதல் என்று வாடிக்கையாளர்கள் சிலர் சொல்வார்கள். எங்கள் கடையில் அவர் எப்போதும் இரண்டாவது. சண்டையில்லாத ஒரே கவ்வி அது.

அப்பா இஸ்திரி போடுவார். மாமா துவைப்பார், கறை எடுப்பார். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து முன்மேசையில் இருக்கிறேன். வருகிற துணிக்குச் சீட்டுக் குத்துவது என் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் எல்லோருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மாமா அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இளவயதில் அப்பாவும் அவரும் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற கிளப்பில் ஒன்றாகக் குத்துச்சண்டை போட்டவர்கள். அப்பாவுக்கு அங்கே சுத்தியல் என்று பெயர். மாமாவுக்குப் புகை. கண்ணுக்குத் தெரிவார், கைக்கு அகப்பட மாட்டார்.

சுத்தியலும் புகையும் ஒரே ஒரு முறை மோதினார்கள். அந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் கடையில் யாரும் சட்டை துவைத்துக்கொண்டு போனதில்லை. கிளப்பில் கையுறை எல்லாம் ஒரே பழுப்பு நிறம். மேடையின் ஒரு மூலைக் கம்பத்தில் சிவப்புத் துணி, எதிர் மூலையில் நீலத் துணி சுற்றியிருப்பார்கள். மதிப்பெண் போடுகிறவர்கள் பெயர் எழுத மாட்டார்கள், நிறம்தான் எழுதுவார்கள். அப்பா சிவப்பு, மாமா நீலம். முதல் சுற்று முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சிவப்பு மூலையில் கூரை ஒழுகி, முக்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையில் சொட்டியது. அங்கே ஒரு நியாயஸ்தர் இருந்திருக்கிறார். ஒரே ஆள் நனைவது சரியில்லை, அடுத்த இடைவேளையில் மற்றவரும் நனையட்டும் என்று இருவரையும் மூலை மாற்றி உட்கார வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மதிப்பெண் போட்டவர்களில் ஒருவர் ஆளைப் பார்த்து எழுதினார், ஒருவர் மூலையைப் பார்த்து எழுதினார், மூன்றாமவர் எதைப் பார்த்து எழுதினார் என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஒலிபெருக்கியில் "சிவப்பு வெற்றி" என்றார்கள். மேடையில் இரண்டு பேரும் கையைத் தூக்கினார்கள். நடுவர் கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

அந்த வருஷமே அப்பா அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணனுக்குத் துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அம்மா அன்றைக்கு மேடையோரத்தில் நின்றிருந்தார். ஜெயித்தவனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள் என்பது அப்பாவின் நம்பிக்கை. அண்ணன்தான் ஜெயித்தான் என்று அவளுக்குத் தெரியும், புருஷன் மானத்துக்காக வாயைத் திறக்கவில்லை என்பது மாமாவின் நம்பிக்கை. அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஒருவருடைய நம்பிக்கை போய்விடும்.

ஒரு வாடிக்கையாளர், பேண்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, உங்களை யாருமே தோற்கடித்ததில்லையா என்று ஒருமுறை கேட்டார். "ஒருத்தன் இருந்தான்," என்றார் அப்பா. "அது கணக்குல வராது." தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே "வராது" என்றார் மாமா. அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

கிளப்புக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டு கிளப் செயலாளர் ஒருநாள் திரைச்சீலைகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். வாசலில் பெரிய பலகை வைக்கப் போகிறார்களாம். கிளப்பின் எல்லாக் காலத்துக்கும் பெரிய பத்து வீரர்கள், வரிசைப்படி. ஒன்பது பெயர் முடிவாகிவிட்டது. ஒரு இடம் மிச்சம்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்னு கமிட்டில சொல்லிட்டாங்க," என்றார். "யாருன்னு முடிவு பண்ற தைரியம் கமிட்டிக்கு இல்ல. நீங்களே பேசி ஒரு பேரக் குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை பெயிண்டர் வர்றாரு."

முதலில் இரண்டு பேரும் மரியாதையில் போட்டி போட்டார்கள். உன் பெயரே இருக்கட்டும் என்றார் அப்பா. சேச்சே, உன் பெயர்தான் பொருத்தம் என்றார் மாமா. எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் அவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. அடுத்த நாள் மத்தியானம் எது ஆரம்பித்துவைத்தது என்று தெரியவில்லை, ஒரு காலர் சரியாக வெளுக்கவில்லை என்று அப்பா சொன்ன மாதிரி நினைவு. காலரிலிருந்து பேச்சு மேடைக்குப் போய்விட்டது. ஓடுகிறவனுக்குப் பலகை வைப்பார்கள் என்றால் தபால்காரருக்கும் வைக்க வேண்டும் என்றார் அப்பா. சுவரைக் குத்தியே பேர் வாங்கியவன் பேசுகிறானா என்று மாமா கேட்டார். இது வரைக்கும் எனக்குப் பழக்கம்தான்.

அதற்குப் பிறகு மாமா கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள, தங்கச்சிக்கு உன்னப் பிடிச்சிருக்குன்னு அன்னைக்கே தெரியும். அதனாலதான் கடைசி சுத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னேன். இத்தன வருஷம் சொல்லல."

அப்பாவின் இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டை முதுகின் மேல் அப்படியே நின்றது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எடுத்தார். "அப்ப எனக்குப் பிச்சை போட்டியா மச்சான்? ஜெயிச்சதையும் பொண்ணையும் சேர்த்து?"

மாமா ரப்பர் விரிப்பை அவிழ்த்து முன்மேசையில் வைத்தார். அதன் மேல் கடைச் சாவியை வைத்தார். அன்று மாலையே மாடி அறையிலிருந்து ஒரு பெட்டியோடு இறங்கி, சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் கடையில் நீராவிச் சத்தம் மட்டும்தான். கறை எடுக்கிற கை மாமாவுடையது. அப்பா ஒரு கல்யாணச் சேலையில் மை பட்ட இடத்தைத் தேய்த்து, பட்டாணி அளவு கறையைப் பப்பாளி அளவு ஆக்கினார். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்தன. நான் கவனித்தது கொடியைத்தான். அன்றைக்கு வாயாடி முதலில் தொங்கினார், மாமா கடைசியாக மாட்டியது. அப்பா நினைத்தால் இரும்பனை அங்கே மாட்டி நிரந்தரமாகவே வைத்திருக்கலாம், தடுக்க ஆளில்லை. அவர் கொடியைத் தொடவே இல்லை. காலையில் கடையைத் திறந்ததும் அதைப் பார்ப்பார், சட்டையைக் கழற்றி மாட்டுவார், இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போய்விடுவார். எதிர்க்க ஆள் இல்லாத முதலிடத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

அம்மா இரண்டு தட்டு வைத்துப் பழகியவர். ராத்திரி மாமாவின் தட்டை எடுத்து வைப்பார், பிறகு கவிழ்த்து வைப்பார். சனிக்கிழமை காலை என்னைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடை மாடிக்கு ஏறினார். மாமா தரையில் துண்டை விரித்து தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கைப்பக்கம் எல்லாம் சுருக்கம். கறை எடுக்கிற கைக்கு இஸ்திரி வராது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணே, கடைக்கு வா," என்றார் அம்மா. "அன்னைக்கு யார் ஜெயிச்சதுன்னு நான் சொல்றேன்."

மாமா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சட்டையைப் பாதிச் சுருக்கத்தோடேயே மாட்டிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார்.

கடையில் அம்மா முன்மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார், வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில். அந்தப் பக்கம் இரண்டு பேரும், நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு. நான் சீட்டுக் குத்துகிற பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருவர் பலகையில் ஏறிவிடுவார். மற்றவர் இந்தக் கடைக்குள் மறுபடி வருவாரா என்பது சந்தேகம்.

"நான் பாக்கவே இல்ல," என்றார் அம்மா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசை விளிம்பைப் பிடித்தார்கள்.

"முதல் மணி அடிச்சதும் கண்ண மூடிக்கிட்டேன். ஒரு பக்கம் கூடப் பொறந்தவன். இன்னொரு பக்கம்..." அம்மா அப்பாவைப் பார்க்காமல் கையைக் காட்டினார். "எத நான் பாக்குறது? சத்தம் எல்லாம் ஓஞ்சதும் கண்ணத் திறந்தேன். ரெண்டு பேரும் கையத் தூக்கிட்டு நின்னீங்க. சரி, ரெண்டு பேரும் உசிரோட இருக்காங்கன்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரே பெட்டகத்தில் தங்கள் வெற்றியைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெட்டகம் காலி.

"நீங்க சண்ட போட்டு நான் முழுசாப் பாத்தது ரெண்டே ரெண்டு தடவ," என்றார் அம்மா. "ரெண்டும் கண்ணாடிகூட."

கண்ணாடி என்ற பெயரை அதுவரை நான் கேட்டதில்லை. கடிகாரம் பழுதுபார்க்கிறவராம். மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவரின் முகம் தெரியாதாம். மேடை ஏறும் முன் கண்ணாடியைக் கழற்றி மடித்து யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவாராம். அப்பாவோடு மோதிய அன்றும், பிறகு மாமாவோடு மோதிய அன்றும் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்.

"ஒருத்தரோட கண்ண என் கையில வச்சுக்கிட்டு என் கண்ண மூடிக்கிறது சரியா?" என்றார் அம்மா. "அதான் பாத்தேன். மூச்சுச் சத்தத்த வச்சே அடிச்சாரு. உங்கள ரெண்டாவது சுத்துலயே உட்கார வச்சாரு. அண்ணன மூலையில நிறுத்தி நகரவே விடல."

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். அவனுக்கு என்னைத் தெரியவே இல்லை, நான் எங்கே நகர்ந்தாலும் தெரியாதவனிடம் நகர்ந்து என்ன பிரயோஜனம் என்றார். குரலில் பழைய எரிச்சல் இருந்தது, கூடவே வேறு எதுவோ. அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். நான் ஓங்கினால் எல்லோரும் கண்ணைச் சிமிட்டுவார்கள், அவன் சிமிட்டவில்லை, ஓங்கியது தெரிந்தால்தானே என்றார். பிறகு இரண்டு பேரும் மாறி மாறி, அவன் இடது தோள் எப்படி இறங்கும், கால் எப்படித் தேயும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்தார். கண் தெரியாதவனிடம் வாங்கியதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அவரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். டாக்டர் இனி கூடாது என்று சொன்னதும் அவர் கிளப்பை விட்டு, கொஞ்ச நாளில் ஊரையும் விட்டுப் போய்விட்டார். இவர்களும் சொல்லாததால் கிளப்பில் யாருக்கும் அவரை நினைவில்லை.

"இப்ப எங்க இருக்கான்?" என்று அப்பா கேட்டார், விரிப்பு ஒன்றை மடிக்கிற சாக்கில்.

"எனக்கென்ன தெரியும்?"

"இல்ல, கண்ணாடிய ஏன் உங்கிட்டக் குடுத்தான்? பக்கத்துல எத்தனையோ பேர் நின்னாங்க."

"அத அவர்கிட்டக் கேளுங்க," என்றார் அம்மா. சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் நேரத்துக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போன பிறகு மாமா கல்யாணச் சேலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பப்பாளியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ரப்பர் விரிப்பைக் கட்டிக்கொண்டார்.

"மாப்பிள," என்றார், தொட்டிப் பக்கம் திரும்பி நின்று. "கையக் கட்டிக்கிட்டு நின்னேன்னு சொன்னேன்ல. பொய். என்னால தூக்க முடியல."

அப்பா இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்த்தார். அது நீண்ட நேரம் சீறியது. "எனக்கும்தான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பெயரைக் கொடுத்தார்கள். செயலாளர் இரண்டு முறை கேட்டாராம், யார் அது என்று. பலகையில் பத்தாவது இடத்தில் அது இருக்கிறது. மற்ற ஒன்பது பேருக்கும் பக்கத்தில் படம் உண்டு. அவருக்கு இல்லை. பெயிண்டர் அந்த இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடியை வரைந்துவிட்டார்.

திங்கட்கிழமை அப்பா கடையைத் திறந்ததும் இரும்பனை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தார். மாமா வந்து அவனை நான்காவது கவ்விக்குத் தள்ளினார். நான் சீட்டுக் குத்த உட்கார்ந்தேன். கொடியில் இப்போது பதினோரு கவ்விகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், படம் இல்லாமல் ஒன்று. அதை யார் மாட்டினார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் அதைத் தொடாமல்தான் மற்றவர்களை மாற்றி மாற்றி மாட்டினார்கள்.

துணி வாங்க வந்த ஒருவர் அதைக் காட்டி, இது யாருக்கு என்று கேட்டார்.

"எங்க ரெண்டு பேரையும் அடிச்சவனுக்கு," என்றார் மாமா.

"கண்ணு தெரியாமலே," என்று அப்பா சேர்த்துக்கொண்டார். ஒரு சட்டையின் காலரைத் திருப்பி, பெட்டியை அழுத்தினார்.