வேங்கடசாமி கண்டுபிடித்த களை

வேங்கடசாமிக்குச் செடிகளைச் செத்த பிறகுதான் தெரியும். கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி ஆபீசில், காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி லேபிள் எழுதிப் பீரோவில் அடுக்குவது அவர் உத்தியோகம். ஐந்து வருஷமாக டெம்பரரி. ஒவ்வொரு சித்திரையிலும் ஆபீஸ் தலைவரான வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷத்துக்கு உயிர். வருஷா வருஷம் இப்படிச் செத்துப் பிழைக்கிற மனிதர், எது ஒரு வருஷச் செடி, எது பல வருஷச் செடி என்று பிரிப்பதில் தம்மை மிஞ்ச ஜில்லாவிலேயே ஆள் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

துரை ஒருமுறை வாய் தவறி ஒன்று சொல்லியிருந்தார். நம் பீரோவில் இல்லாத செடி ஒன்றை யார் கொண்டுவந்தாலும் அவர் பெயரை அதற்கு வைக்கலாம், வேலையையும் நிரந்தரமாக்கலாம் என்று. அன்றிலிருந்து வேங்கடசாமி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்கியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் மார்கழியில் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மேட்டுப்பாளையம் பக்கம் செங்கோட்டையக் கவுண்டரின் தோட்டத்தில், வாய்க்கால் வரப்பை ஒட்டி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது ஒரு செடி. புத்தகத்தைப் புரட்டினார். இலை, பூக்காம்பு எல்லாம் கரிசலாங்கண்ணி மாதிரி. ஆனால் பீரோவில் இருக்கும் கரிசலாங்கண்ணி எல்லாம் வெள்ளைப் பூ. அது ஒரு வருஷத்தில் மடிகிற செடி. இது மட்டும் பல வருஷம் இருக்கிற செடியாக அமைந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், புதுசுதான்.

அதைத் தெரிந்துகொள்ள வேரோடு தோண்டிப் பார்க்க வேண்டும். வேங்கடசாமி பேனாக்கத்தியால் இரண்டு கீறு கீறினார். கத்தி மடங்கிற்று. வேட்டியில் சேறு பட்டது. விஞ்ஞானத்துக்கு அவ்வளவு போதும் என்று எழுந்து, தோட்டக்காரரையே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க கவுண்டரே, இதப் பாருங்க. இது ஒரு பூவுன்னு நெனைச்சீங்களா? இல்லீங்க. நடுவுல இருக்கற ஒவ்வொரு பொட்டும் ஒரு பூவுங்க. ஓரத்துல இதழாட்டம் நீட்டிட்டு இருக்குதே, அது ஒவ்வொண்ணும் தனிப் பூவுங்க."

"ஆமாங்க," என்றார் கவுண்டர்.

"இது வருசம் பூரா இருந்து, மறுபடி மறுபடி தழைக்குமுங்களா?"

"ஆமாங்க."

கொங்குநாட்டில் வீட்டுக்கு வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவிநாசியில் பிறந்து வளர்ந்த வேங்கடசாமிக்கும் தெரியும். ஆனால் தனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டால் யார்தான் தலைகீழாகத் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறார்கள்?

பக்கத்து மிளகாய்ப் பாத்தியில் களை வெட்டிக்கொண்டிருந்த நாச்சியம்மாள் நிமிர்ந்தாள். "ஏனுங்க சாமி, அது வந்துங்க..." என்று ஆரம்பித்தாள்.

"நீ வேலையப் பாரம்மா," என்றார் வேங்கடசாமி. கவுண்டரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது களை வெட்டுகிறவள் குறுக்கே வருவதாவது!

இரண்டு பூங்கொத்தைக் கிள்ளிக் காகிதத்தில் வைத்து எடுத்துப்போனார். வேர் இல்லாத அந்தச் செடிக்கு இங்கிலீஷில் நாலு பக்கம் அறிக்கை எழுதினார். தம் பெயரை லத்தீனில் வளைத்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்ததில் மட்டும் இரண்டு தாள் தீர்ந்தது. துரை படித்துவிட்டு, செடி தரையில் நிற்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். தை மாதம் ஒரு புதன்கிழமை குறிக்கப்பட்டது. 'உங்கள் வரப்பில் உள்ள மஞ்சள் பூவைப் பார்க்கத் துரை வருகிறார்' என்று கவுண்டருக்குக் கடுதாசி போயிற்று.

புதன்கிழமை காரை விட்டு இறங்கிய வேங்கடசாமிக்குத் தோட்டமே அடையாளம் தெரியவில்லை. வாசலில் மாவிலைத் தோரணம். வரப்பு முழுக்க மழித்த மண்டை மாதிரி சுத்தம். ஒரு புல் இல்லை, பூண்டு இல்லை. அதன் மேல் பவானி ஜமக்காளம் விரித்து, சீவின இளநீர் வரிசையாக வைத்திருந்தது. கவுண்டர் ஓடிவந்து துரையின் கழுத்தில் தொப்புள் வரைக்கும் தொங்குகிற செவ்வந்தி மாலையைப் போட்டார்.

"செடி எங்கீங்க?" என்றார் வேங்கடசாமி.

"களையுங்களா? நேத்தே வழிச்சு எறிஞ்சுபோட்டனுங்க. துரை வந்து உக்கார்ற எடத்துல களைய உட்டு வெச்சா நம்மளப் பத்தி என்னங்க நெனைப்பாங்க?"

"அந்த மஞ்சப் பூவப் பாக்கத்தானே வர்றாங்கன்னு எழுதியிருந்தனே!"

"அதுக்குத்தானுங்க மேட்டுப்பாளையத்துக்கு ஆள உட்டு, நல்ல மஞ்சப் பூவா வாங்கியாரச் சொன்னேன். களையவா மாலை கட்டிப் போட முடியும்?"

துரைக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். இளநீரை வைத்துவிட்டுக் கவுண்டரைப் பார்த்தார். "அந்தச் செடி பல வருஷம் இருக்குமா?"

"ஆமாங்க."

"ஒரே வருஷத்தில் செத்துப் போகுமா?"

"ஆமாங்க," என்றார் கவுண்டர், அதே மரியாதையுடன்.

துரை வேங்கடசாமியின் பக்கம் திரும்பினார். வேங்கடசாமி பாத்திக்கு ஓடினார். மாலையில்லாத கழுத்தில் வியர்வை வழிந்தது. "ஏம்மா, அத எங்க போட்டீங்க?"

"எருமைக்குப் போட்டனுங்க சாமி," என்றாள் நாச்சியம்மாள். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "அதுக்கு ஏனுங்க இப்படி ஒடைஞ்சு போறீங்க? எட்டு நாள் பொறுங்க, தானா வந்துரும். பதினாறு வருசமா நானும் புடுங்கறேன், அதுவும் வருது. கணுவுக்குக் கணு வேரு உடுமுங்க. மேல வழிச்சாச் சாகாது."

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஜமக்காளத்தின் ஓரத்தை மடக்கி, வாய்க்கால் ஈரத்தில் ஒரு கொத்துப் போட்டாள். முழ நீளத்துக்குக் கொடி வந்தது. கணுதோறும் வேர்க்கற்றை, ஒவ்வொன்றிலும் பச்சைத் துளிர், ஒரு துளிரின் நுனியில் மிளகளவு மொட்டு. வேங்கடசாமிக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. பல வருஷச் செடியேதான்! நிரந்தர வேலை அந்த மொட்டில் எட்டிப் பார்த்தது.

"இதுக்குப் பேர் உண்டா?" என்று கேட்டார் துரை.

"மஞ்சக் கரிசாலைங்க. மஞ்சக்காமாலைக்கு அரைச்சு மோர்ல குடுப்போமுங்க. ஊரு பூராக் கெடக்குது. வெள்ளைப் பூவு வெக்கறது வேறைங்க, அது கோடையில காஞ்சு போயிரும்."

துரை இலையைத் தடவிப் பார்த்தார். கணுவை எண்ணினார். பிறகு மெதுவாக, நம் பீரோவில் வெள்ளைக் கரிசலாங்கண்ணிக் கட்டுக்குள் மூன்றாவது அட்டையில் இதேபோலக் கணுவில் வேர் விட்ட கொடி ஒன்று இருக்கிறதே, பூ காய்ந்து வெளுத்துப்போய், அதை யார் அங்கே ஒட்டியது என்று கேட்டார்.

வேங்கடசாமிக்கு அந்த அட்டை நன்றாக ஞாபகம் இருந்தது. உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வாரம், தம் கையால், வெள்ளை என்று லேபிள் எழுதி, கோணாமல் ஒட்டியது. அழகாக ஒட்டியிருக்கிறாய் என்று துரையே மெச்சியிருந்தார்.

வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. கோபத்தை எங்காவது இறக்க வேண்டுமே! நாச்சியம்மாளிடம் சீறினார். "இத்தனையும் தெரிஞ்சு வெச்சுட்டு அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தானுங்க வந்தேன். வேலையப் பாருன்னீங்க. பாத்துட்டிருந்தனுங்க."

துரை அங்கேயே, ஜமக்காளத்தின் மேலேயே, புது லேபிளை எழுதச் சொன்னார். வேங்கடசாமி முழங்காலில் அட்டையை வைத்து எழுதினார். செடி: மஞ்சள் கரிசலாங்கண்ணி. ஆயுள்: பல வருஷம். கண்டறிந்து கொடுத்தவர்: நாச்சியம்மாள். கடைசியில் ஒட்டியவர் பெயருக்கு ஒரு சின்னக் கோடு இருந்தது. அதில் தம் பெயரை எழுதி, பக்கத்தில் வழக்கம்போல 'டெம்பரரி' என்றும் எழுதினார்.

"ரொம்ப சந்தோசமுங்க," என்றார் கவுண்டர். "அடுத்த வருசமும் வாங்க."