கைப்பிடிக்குள் ஒரு கட்டை

எங்கள் பைக் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டி நன்றாக ஓட வேண்டும் என்று வருகிறார்கள். மீதிப் பேர் ரொம்ப ஓடக் கூடாது என்று வருகிறார்கள். பையனைப் பெற்ற அப்பாக்கள், புதிதாகக் கல்யாணமான பெண்கள். "அவருக்குத் தெரிய வேணாம், அந்தக் கட்டைய வச்சிடுங்க" என்று என் மாமனாரின் காதில் ஓதிவிட்டு, பஞ்சர் ஒட்ட வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

கட்டை என்பது சுண்டுவிரல் நகமளவு நைலான் துண்டு. ஆக்ஸிலேட்டர் பிடியின் மூடியைக் கழற்றி உள்ளே வைத்து, கிரீஸ் தடவி மூடிவிட்டால் பிடி முக்கால் வரைதான் முறுக்கும். அதற்கு மேல் முட்டிக்கொண்டு நின்றுவிடும். மாமனார் கண்டுபிடித்தது இது. யாரும் கேட்காவிட்டாலும் எல்லா வண்டிக்கும் வைப்பார். "நம்ம கைப்பட்ட வண்டி எதுவும் இதுவரைக்கும் யாரையும் கீழ போட்டதில்ல மாப்ள" என்பார். அது உண்மைதான், மறுக்க முடியாது.

ஆனால் வண்டிக்காரன் திரும்பி வந்து "மேல இழுக்கவே மாட்டேங்குதுண்ணே" என்று கேட்கும்போது மாமனாருக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். "வண்டிக்கு வயசாயிடுச்சுப்பா" என்று நான்தான் புளுகுவேன். போன வருஷம் வாங்கிய வண்டிக்கும் அதே புளுகுதான். ஒருவன்கூட மூடியைக் கழற்றிப் பார்த்ததில்லை.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. கீழே பட்டறை, மேலே வீடு. மாடிப்படி பட்டறைக்குள்தான் இறங்குகிறது, வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. முடி வெட்டிக்கொள்ளப் போனாலும் "எங்க மாப்ள கெளம்பிட்டீங்க?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்பதும் அன்பாகத்தான் கேட்பார். மனுஷன் கெட்டவராக இருந்தால் ஒரு நாள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். சாப்பாட்டில் பெரிய துண்டை என் தட்டுக்குத் தள்ளிவிடுகிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது? எனக்கு மூச்சு முட்டியது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் பந்தய வண்டி தயார் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை நடத்துகிறவர் தடித்த கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். "புது வண்டிய யார் வேணா ஓட வைப்பான். உன் பழைய வண்டியவே கொண்டா. ஒரு டியூனிங் சிப் போட்டு, அது என்ன இழுக்குதுன்னு என் முன்னாடி ஓட்டிக் காட்டு. சரியா இருந்தா வேலை உனக்கு" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். ஒரே பெண், இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னாள்: "அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க மொதல்ல வேலைய வாங்குங்க. அங்க தனி வாசல் இருக்கற வீடா பாருங்க."

மாமனார் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் என் வண்டியைப் பிரித்தேன். கல்யாணமான புதிதில் அவர் கையாலேயே அதற்கும் ஒரு கட்டை வைத்திருந்தார், மாப்பிள்ளைக்குச் செய்த முதல் மரியாதை. அதைத்தான் முதலில் பிடுங்கி, கட்டைகள் கிடக்கும் டப்பாவில் எறிந்தேன். எறிந்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பிறகு சீட்டைக் கழற்றினேன். அடியில் இருக்கும் பெட்டிதான் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது. அதற்கும் ஒயர்களுக்கும் நடுவில், பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்து இழுவையை ஏற்றும் சிப்பைச் செருகினேன். பழைய வண்டி, கனெக்டர் பின்கள் பச்சை பிடித்துப்போயிருந்தன. ஒவ்வொன்றாகச் சுரண்டித் துடைத்து, சிப்பை ரப்பரில் சுற்றிக் கட்டினேன். ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். ஸ்டார்ட் செய்தால், நின்ற இடத்திலேயே இன்ஜின் சத்தம் மாறியிருந்தது.

"மாப்ள, என்ன வண்டி அது, சத்தம் புதுசா இருக்கு?" மாடியிலிருந்து குரல் வந்தது. படுத்தபடியே சத்தத்தை வைத்து வண்டியைச் சொல்கிறவர் அவர்.

"என் வண்டிதான் மாமா, சும்மா எண்ணெய் விட்டேன்."

"டீ போடச் சொல்லவா?"

"சொல்லுங்க மாமா." வாய் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு மீதி வேலையை முடித்து மூடியைத் திருகியது. வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்க வழியில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

உதிரி பாகம் வாங்கப் போவதாகச் சொல்லி, மெதுவாக உருட்டிக்கொண்டே கிளம்பினேன். கண்ணாடிக்காரர் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள நீளமான காலிச் சாலையில் காத்திருந்தார். சிப்போடு தன் லேப்டாப்பை இணைத்து, ஓட்டத்தைச் சிப்பிலேயே பதிவு செய்ய வைத்துவிட்டு, ஒயரைக் கழற்றிக்கொண்டு தலையை ஆட்டினார். கிளம்பினேன். ஆரம்பத்தில் வண்டி துள்ளியது. மூன்றாவது கியரில் பிடியை முறுக்கினேன், முட்டியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான் திரும்பி வந்ததும் அவர் மறுபடி லேப்டாப்பை இணைத்துப் பார்த்தார். "சிப் நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா ஆக்ஸிலேட்டர் முக்காலுக்கு மேல தெறக்கவே இல்லையே. சிப்போட வேலையே அந்தக் கடைசிக் கால்லதான இருக்கு?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை வாங்கி மூடியைக் கழற்றினேன். உள்ளே கட்டை உட்கார்ந்திருந்தது. மேலே புது கிரீஸ், ஓரம் வழியாமல், நான் தடவுகிற மாதிரியே தடவியிருந்தது. மாமனாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே டப்பாவில் கைவிட்டு ஒன்றை எடுத்து வைத்து மூடியிருக்கிறேன். யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது, திட்ட ஆள் இல்லை.

"யாரு வச்சது இத?"

"நான்தான் சார்."

"உன் வண்டிக்கு நீயேவா?" அவர் சிரிக்கவில்லை. "சரி, எடுத்துட்டு இன்னொரு தடவ போ."

கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தனி வாசல், தனி வாசல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது கியர். முறுக்கினேன். முக்காலில் கை நின்றது. உள்ளே தடுக்க ஒன்றுமில்லை, பிடி தளர்வாக இருப்பது உள்ளங்கைக்கே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும். மணிக்கட்டு அசையவில்லை. எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் வண்டியை இந்தக் கையால்தான் ஓட்டிப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், எல்லாம் இங்கேயேதான் முடிந்திருக்கின்றன. இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தேன், என்னையே கெட்ட வார்த்தையில் திட்டிப் பார்த்தேன். அதற்குள் சாலை முடிந்துவிட்டது.

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்தது என்று காட்டும் வரைபடத்தில், முதலில் ஓடிய கோட்டின் மேலேயே இரண்டாவது கோடும் ஓடியிருந்தது.

"கட்டைய எடுத்தியா இல்லையா?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீடு வரும் வழியிலும் காலிச் சாலை இருந்தது. அங்கேயும் முயன்றேன், கை கேட்கவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே மாடி ஜன்னலில் மனைவி நிற்பது தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார். தலையைச் சாய்த்து, நான் இன்ஜினை அணைக்கும்வரை கேட்டார். சந்தேகமெல்லாம் தீர்ந்து முகம் மலர்ந்தது.

"புது சத்தமா இருக்கேன்னு பயந்துட்டேன் மாப்ள. ஒண்ணுமில்ல, அடக்கமாத்தான் ஓடுது" என்று என் தோளைத் தட்டினார்.

கட்டை என் சட்டைப் பையில் இருந்தது.