மூன்றில் சிறியது

பிஸ்டனை அவன் சாப்பாட்டு மேசையின் நடுவில், துணி விரித்து வைத்திருந்தான்.

"யாரும் தொடக்கூடாது," என்றான்.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அப்படியென்றால் அந்த 'யாரும்' அவள்தான். ஒரு நாளைக்கு அறுநூறு பம்புத் தண்டுகளைக் கையில் எடுத்து, அளந்து, தேறாததைத் தள்ளிவைப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவளைப் பார்த்துத் தொடாதே என்கிறான். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். இரண்டுக்குமே அவன் லாயக்கில்லை என்று தோன்றியதும் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒன்பது வருஷமாக இப்படித்தான். வாயில் 'நீங்க', மனசுக்குள் 'அவன்'. ஊரில் யாரைக் கேட்டாலும் அவள் மரியாதையான பெண்டாட்டி என்றுதான் சொல்வார்கள். மனசுக்குள் எட்டிப் பார்க்க ஊருக்கு வழியில்லை.

அவனுக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிற வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் கடையில் உட்கார்ந்து பார்த்தாள். அறுத்த கண்ணாடி சட்டத்துக்குள் லொடலொடவென்று ஆடியது. "ரெண்டு மில்லி இடைவெளிதானே, சிலிகான் அடிச்சா தெரியாது," என்றான். இரண்டு மில்லி! அவள் மேசையில் அதில் நூறில் ஒரு பங்கு தவறினாலே குப்பைப் பெட்டி. அன்றைக்கே அவனை அளந்து முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு மறுபடி அளந்து பார்க்க அவசியம் வரவில்லை.

இந்த இன்ஜின் பைத்தியம் பிடித்ததற்கு அந்த மேடுதான் காரணம். அவள் வேலை பார்க்கும் தொழிற்பேட்டை ஊருக்கு வெளியே உயரத்தில் இருக்கிறது. அவனுடைய வண்டியோ நூறு சிசி. ஒருவர் போனால் ஏறிவிடும். இரண்டு பேர் என்றால் பாதி மேட்டில் முனக ஆரம்பிக்கும். அவன் முதல் கியருக்கு வந்து, முன்னால் குனிந்து, பெட்ரோல் டாங்க்கைத் தட்டிக்கொடுத்து, கடைசியில் திரும்பிப் பார்ப்பான். "கொஞ்சம் இறங்கிக்கிறியா?" அவள் சாப்பாட்டுப் பையோடு இறங்கி நடப்பாள். வண்டி அவளுக்குப் பக்கத்திலேயே, அவள் நடக்கிற வேகத்தில் உருண்டு வரும். பஸ்ஸில் போகிற கூட்டாளிப் பெண்கள் ஜன்னல் வழியாகக் கையசைப்பார்கள்.

ஒருநாள் அவளுடைய அண்ணன் தன் பெரிய வண்டியில் அந்த வழியே வந்தான். பக்கத்தில் நிறுத்தி, "என்ன மாப்ள, மூச்சு வாங்குறது வண்டியா, நீங்களா?" என்றான். அதற்கு முதலில் சிரித்தது அவள்தான். அண்ணன்கூட அதற்குப் பிறகுதான் சிரித்தான்.

அன்று சாயங்காலமே அறிவிப்பு வந்தது. "இதை நூத்தி இருபத்தஞ்சு ஆக்கிடறேன்."

"அதுக்கு வேற வண்டியே வாங்கிடலாமே."

"எதுக்கு? சிலிண்டர்ல பெரிய உறை போட்டு அகலமா கடைஞ்சு, பெரிய பிஸ்டனை உள்ள விட்டா முடிஞ்சது. பத்து வீடியோ பாத்துட்டேன். இனிமே அந்த மேட்டுல நீ இறங்க வேண்டாம்."

பத்து வீடியோ. நூறு வீடியோ பார்த்தால் ஆபரேஷன் தியேட்டருக்கே கிளம்பிவிடுவான் போல. அவளுக்காகச் செய்கிறானாம். அண்ணன் சிரித்தது உறுத்துகிறது, அதற்கு அவள் பெயரைப் போர்த்திவிட்டான். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

மூன்று வாரம் கூடம் முழுக்க இன்ஜின் கிடந்தது. செய்தித்தாள் மேல் சங்கிலி, சோப்பு டப்பாவில் திருகாணி. வீடு முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். அவளுடைய டீ வடிகட்டியில் நட்டுகளைப் போட்டு அலசினான். கேட்டதற்கு, "கழுவி வச்சிடறேன்," என்றான். கழுவியும் வைத்தான். அதில் வடித்த டீயை அவன் குடித்தான். அவள் குடிக்கவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது வீட்டுக்கு யாராவது வந்தால் அவன் முகம் மலர்ந்து, "நம்ம இன்ஸ்பெக்டர் இருக்காங்களே, அவங்களக் கேளுங்க, அளவுன்னா என்னன்னு சொல்வாங்க," என்பான். அவளும் சளைக்காமல் சொல்வாள். பெருமைக்கு அவள் ஒன்றும் குறைந்தவளில்லை. "எங்க மேசையில சரியான பொருளுக்கு முத்திரையே கிடையாது. தப்புன்னாதான் சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். நான் பேசாம விட்டா அது சரின்னு அர்த்தம். இத்தனை வருஷத்துல என் கையைத் தாண்டினது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை." அவன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பான். அவனுக்கு அது மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் வாங்கிய புது மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு பிஸ்டனை அளந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு தாளில் எழுதி, டீ குடித்துக்கொண்டிருந்த அவள் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனான்.

அவள் பார்த்தாள். பிஸ்டன் படம் போட்டு, பக்கத்தில் மூன்று எண்கள். வளையங்களுக்குக் கீழே 55.93 மில்லி. நடுவில் 55.95. அடியில் 55.96. முதல் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். அதன் கீழே, இடைவெளி 0.04 கூட்டி, 'கடைய வேண்டிய அளவு 55.97.'

ஒரே பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலுக்கு அளவெடுக்கிறான் மடையன். ஜன்னல் சட்டம் கோணலாக இருக்கும் என்பதால் கண்ணாடிக்காரர்கள் மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்வார்கள். அப்போதுதான் கண்ணாடி சிக்காமல் உள்ளே போகும். ஆனால் அது ஓட்டையை அளக்கிற கணக்கு. பிஸ்டன் ஓட்டைக்குள் போகிற பொருள். அதன் அடிப்பக்கம்தான் அகலம், அந்த அகலத்துக்குத்தான் இடைவெளி விட வேண்டும். மூன்றில் பெரியதை எடுக்க வேண்டிய இடத்தில் சிறியதை எடுத்திருக்கிறான். முப்பது மைக்ரான் இறுக்கம். ஒரு தலைமுடியில் பாதி கூட இல்லை. சூடேறினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

அவளுக்கு சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பல வருஷமாக வாங்க நினைத்த பொருள் திடீரென்று சும்மா கிடைத்த மாதிரி இருந்தது. சொல்லலாம். சொன்னால் திருத்திக்கொள்வான், திருத்திவிட்டு அது தன் யோசனை என்பான். எதற்கு? சிலிண்டரைக் கடைந்து தருகிற போரிங் கடைக்காரர் பிஸ்டனை அளந்து பார்த்ததுமே இவன் முகத்தில் காறித் துப்பப் போகிறார். அவர் துப்பட்டும்.

அவன் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றான். தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"டீ ஆறுது, குடிங்க," என்றாள்.

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிம்மதியாக டீயைக் குடித்தான்.

ஆனால் போரிங் கடைக்குப் போகும்போது அவன் பிஸ்டனை எடுத்துப் போகவில்லை. சிலிண்டரையும் தாளையும் மட்டும் கொண்டுபோனான். "பிஸ்டனைக் குடுன்னாரு. அந்த அழுக்குக் கையில யாரு குடுப்பா? அளவு இருக்கு, அதுபடி போடுங்கன்னேன். யாரு பாத்த அளவுன்னாரு. பாக்க வேண்டிய ஆள் பாத்தாச்சு, நீங்க போடுங்கன்னு சொல்லிட்டேன்."

'பாக்க வேண்டிய ஆள்' என்று அவன் தன்னையே சொல்லிக்கொள்கிறான் என்று நினைத்து அவள் உள்ளுக்குள் எரிந்தாள். திமிரைப் பார். பட்டால்தான் தெரியும். வீட்டு வாசலில் வைத்து உதைப்பான், இன்ஜின் இறுகி நிற்கும், தெரு பார்க்கும், அண்ணன் வந்து சிரிப்பான். அவள் மனசில் ஓடிய படம் அவ்வளவுதான். ஓடும்போது இறுகினால் பின்சக்கரமும் சேர்ந்து நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

சனிக்கிழமை இன்ஜினைப் பூட்டி, வாசலில் நிறுத்தி உதைத்தான். நான்காவது உதையில் கிளம்பியது. சத்தம் புதுசாக, கனமாக இருந்தது. அவள் எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. "உதைக்கத்தான் கொஞ்சம் கனமா இருக்கு," என்றான். "புதுசுல்ல, பழகிடும்."

"பழகிடும்," என்றாள் அவளும்.

திங்கட்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து, பின்சீட்டைத் தனியாகத் துடைத்து, வாசலில் காத்திருந்தான். "ஏறு. இன்னைக்கு மேட்டுல நீ இறங்கவே வேண்டாம்."

"இல்ல, இன்னைக்கு பஸ்ல போறேன். பக்கத்து மேசைப் பொண்ணு சீட்டுப் பிடிச்சு வைக்கிறேன்னு சொல்லியிருக்கா."

அவன் முகம் சுண்டிப்போனது. உடனே சமாளித்துக்கொண்டான். "சரி. நான் முன்னால போய் உங்க கேட்டுல நிக்கிறேன். பஸ்ஸுக்கு முன்னாடி வந்துடுவேன், பாரு."

பஸ் மேட்டில் ஏறும்போது பாதியில் நின்றது. முன்னால் கூட்டம். "எவனோ விழுந்துட்டான்," என்றார் நடத்துநர். அவள் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே இறங்கி நடந்தாள். வழக்கமாக அவள் இறங்குகிற இடத்துக்கு இருபதடி மேலே, தார் ரோட்டில் பின்சக்கரம் இழுத்த கறுப்புக் கோடு ஒன்று நீளமாகக் கிடந்தது. கோட்டின் முடிவில் வண்டி. அதற்கும் அப்பால் அவன்.

காறை எலும்பு முறிவு. வலது மணிக்கட்டும் முறிவு. கண்ணாடி அறுக்கிற கை அது. விரல் பழையபடி மடங்குமா என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வந்தான். கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். "அந்த போரிங் கடைக்காரனை சும்மா விடக்கூடாது மாப்ள. இப்பவே போறேன். ஆளு தப்பா கடைஞ்சு குடுத்திருக்கான்."

"அதான் மச்சான் எனக்கும் புரியல," என்றான் அவன். வலியில் குரல் மெதுவாக வந்தது. "என் அளவுல தப்பிருக்காது. இவ பாத்தா."

"நான் எப்ப பாத்தேன்?"

"மேசையில உன் முன்னாடிதானே வச்சேன். தப்பா இருந்தா சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்ப. நீ பேசாம விட்டா சரின்னுதானே அர்த்தம்? அந்த தைரியத்துலதான் பிஸ்டனைக்கூட அவருகிட்ட குடுக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான். "நல்லவேளை, இன்னைக்கு நீ பின்னாடி உக்காரல. அதையே நினைச்சுட்டிருக்கேன்."

அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய்விட்டான். பேசாமல் விட்டால் இதுவும் அவள் கையைத் தாண்டிப் போய்விடும். கடைக்காரர் அடி வாங்குவார், இவன் நல்லவேளை நல்லவேளை என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான்.

"அண்ணா, நில்லு," என்றாள். "அவரு மேல தப்பில்ல. மூணுல பெருசை எடுத்திருக்கணும். இவரு சின்னதை எடுத்துட்டாரு."

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலில் கிடந்தவனுக்கு விளங்கியது. கண்ணை மூடி, மூன்று எண்களையும் மனசில் ஓட்டிப் பார்த்தான். உதடு அசைந்தது. அவன் அப்படி ஒன்றும் மடையனில்லை.

"ஆமா," என்றான். "எப்ப தெரிஞ்சது உனக்கு?"

"டீ குடிக்கும்போதே."

அவன் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, டீ, தாள், வாசலில் துடைத்து வைத்த பின்சீட்டு, பஸ்.

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். மேசைக்கு வந்த பொருளைத் திருப்பிப் பார்த்து, தேறாது என்று முடிவு செய்துவிட்டுத் தள்ளுகிற பார்வை. அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷமாக அது அவளுடையது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றான் அவன், ரொம்ப மரியாதையாக. "நீங்க கிளம்புங்க."